கைக்குழந்தையோடு காசி: கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காசிக்குப் போகலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். வீட்டில் இரண்டு வயதுக்குள் ஒரு குழந்தை இருக்கிறது. விட்டுவிட்டுப் போகவும் முடியாது, தூக்கிக்கொண்டு போகவும் பயம். இந்த நிலையில் இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். காசி யாத்திரையைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் கோயில் பட்டியல்தான் தருகிறார்கள். பால் கலக்க வெந்நீர் எங்கே கிடைக்கும், சந்துக்குள் டயப்பர் மாற்றுவது எப்படி, கூட்டத்தில் மூச்சு முட்டினால் எந்தப் பக்கம் வெளியே வருவது என்பதையெல்லாம் நாங்கள் ஒரு வயதுக் குழந்தையோடு அலைந்துதான் தெரிந்துகொண்டோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சரியான இடத்தில் அறை எடுங்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை மட்டும் வெளியே போங்கள். நடுவில் குழந்தை அறையில் தூங்கட்டும். இந்த மூன்றையும் காப்பாற்றினால் காசி நிச்சயம் முடியும்.

1. எந்த மாதம், எத்தனை நாள்

அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் வரை, அப்புறம் பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் வரை. குழந்தைக்கு ஏற்ற காலம் இவ்வளவுதான். மே, ஜூனில் வெயில் 45 டிகிரி வரை போகும். ஜூலை முதல் செப்டம்பர் வரை கங்கையில் வெள்ளம் வந்தால் படித்துறைகள் மூழ்கிவிடும், படகையும் நிறுத்திவிடுவார்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் நம் ஊர்க் குழந்தை பார்த்திராத குளிர். பனிமூட்டத்தால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும்.

நல்ல மாதத்திலும் தவிர்க்க வேண்டிய நாள்கள் உண்டு: மகா சிவராத்திரி, கார்த்திகைப் பௌர்ணமியன்று வரும் தேவ் தீபாவளி, அவற்றின் முன்பின் நாள்கள். பிரயாகையில் மாக மேளா நடக்கும் ஜனவரி, பிப்ரவரியில் அங்கே நீராடியவர்களில் பெரும்பகுதி காசிக்கும் வருவார்கள். திங்கட்கிழமை விசுவநாதருக்கு உகந்த நாள் என்பதால் எப்போதும் கூட்டம். செவ்வாயோ புதனோ போய் இறங்குவது நல்லது.

காசிக்கு மட்டும் நான்கு இரவு ஒதுக்குங்கள். "அப்படியே பிரயாகை, கயையும் முடித்துவிடலாம்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பிரயாகை சுமார் 125 கிலோமீட்டர், கயை சுமார் 250 கிலோமீட்டர். பித்ரு காரியம் செய்ய வேண்டியவர்கள் இருந்தால் அவர்கள் மட்டும் கயைக்குப் போய்வரட்டும். குழந்தையும் தாயும் காசி அறையிலேயே இருப்பதுதான் சரி.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

குழந்தையின் பிறப்புச் சான்றிதழ்தான் முக்கியம். விமானத்தில் போவதானால் வயதைக் காட்ட இதைக் கேட்பார்கள். அசலோடு ஒரு நகலும், செல்பேசியில் ஒரு படமும் இருக்கட்டும். சான்றிதழில் பெயர் இன்னும் ஏறவில்லை என்றால் இப்போதே சேர்த்துவிடுங்கள். பிறந்து ஓராண்டுக்குள் சேர்த்தால் கட்டணம் இல்லை.

ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு நீல நிறத்தில் பால ஆதார் தருகிறார்கள். கைரேகை, கருவிழிப் பதிவு கிடையாது. பிறப்புச் சான்றிதழும் பெற்றோரில் ஒருவரின் ஆதாரும் போதும். இந்தப் பயணத்துக்குக் கட்டாயமில்லை, இருந்தால் நல்லது. வந்துசேரச் சில வாரம் ஆகலாம், கடைசி நேரத்தில் நம்பி இருக்காதீர்கள்.

தடுப்பூசி அட்டையைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மருத்துவரிடம் போக நேர்ந்தால் முதலில் கேட்பது இதைத்தான். பெரியவர்கள் அனைவரின் ஆதாரும் அசலாக வேண்டும். அறை எடுக்கும்போது ஒவ்வொருவருடையதையும் கேட்கிறார்கள்.

3. ரயிலா, விமானமா

சென்னையிலிருந்து ரயிலில் ஒன்றரை நாள் பயணம். கங்கா காவேரி விரைவு ரயில் சென்னையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் போகிறது. மதுரை, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கன்னியாகுமரியிலிருந்து வரும் காசித் தமிழ்ச் சங்கமம் விரைவு ரயில் உண்டு, அது வாரம் ஒரு முறை. முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். கீழ்ப் படுக்கை வேண்டுமென்றால் அந்த நாளிலேயே எடுத்துவிட வேண்டும்.

ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்றால் கட்டணம் இல்லை. தனிப் படுக்கை கேட்டால் பெரியவர்களுக்கான முழுக் கட்டணம். இரண்டு வயதுக்குள் என்றால் தாயோடு கீழ்ப் படுக்கையே போதும். மூன்றடுக்கு ஏசியில் சென்னையிலிருந்து தலைக்கு 2,000 ரூபாய்க்குச் சற்று மேல் ஆகும். இதை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். சாதாரணப் படுக்கை வகுப்பில் நாக்பூர் தாண்டியதும் முன்பதிவு இல்லாதவர்கள் ஏறி நடைவழியில் உட்கார்ந்துவிட்டால், குழந்தையைக் கழிவறைப் பக்கம் தூக்கிக்கொண்டு போவதே பெரும்பாடு.

நிலையத்தின் பெயரில் ஒரு குழப்பம் வரும். 'வாராணசி சந்திப்பு' ஒன்று, 'பனாரஸ்' ஒன்று, 'தீன் தயாள் உபாத்யாயா சந்திப்பு' ஒன்று. முதல் இரண்டும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. மூன்றாவது பழைய முகல்சராய், ஊரிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கு மேல். நள்ளிரவில் அங்கே இறங்கும் வண்டியை, குழந்தை இருக்கும்போது எடுக்காதீர்கள்.

விமானத்தில் இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தை மடியில் வரலாம், ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒரு தொகை வாங்கும். போகும்போது இரண்டு வயது நிறையாமல், திரும்புவதற்குள் பிறந்தநாள் வந்துவிட்டால், திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை எடுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் வந்து கவுண்டரில் நின்று தவிக்கிறவர்கள் உண்டு. விமான நிலையம் பாபத்பூரில், ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், டாக்சிக்கு 1,000 ரூபாய் அளவில் எடுத்துவையுங்கள்.

4. அறை எங்கே எடுப்பது

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். நம்மவர்கள் பொதுவாகப் பார்க்கும் இடங்கள் நான்கு.

கொதோலியா, தசாசுவமேதப் பகுதி கோயிலுக்கு மிக அருகில். 1863 முதல் இருக்கும் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் இந்தப் பக்கம்தான். தமிழ்ச் சாப்பாடு, தமிழ்ப் பேச்சு. அங்கே தங்குவதானால் முன்கூட்டியே பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் கொதோலியா சந்திப்பைத் தாண்டிப் பகலில் வண்டி விடமாட்டார்கள். பெட்டி, பை, குழந்தையோடு மிச்சத் தூரத்தைக் கூட்டத்துக்குள் நடக்க வேண்டும்.

ஹனுமான் காட், கேதார் காட் (காட் என்றால் படித்துறை) பக்கம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கும் இடம். பாரதியார் இளமையில் வாழ்ந்த வீடு ஹனுமான் காட்டில்தான். வாத்தியார்கள் (புரோகிதர்கள்), இட்லி, ரசம் சாதம் எல்லாம் இங்கே எளிது. கவனிக்க வேண்டியது ஒன்று: ஹனுமான் காட்டுக்குப் பக்கத்திலேயே ஹரிச்சந்திர காட். இரவும் பகலும் சிதை எரியும் மயானம். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் புகை நேராக அறைக்குள் வரும். ஆற்றைப் பார்த்த அறை என்று ஆசைப்பட்டு எடுக்காதீர்கள். குழந்தைக்குச் சளி, வீசிங் இருந்தால் இந்தப் பகுதியே வேண்டாம்.

அஸ்ஸி, லங்கா பகுதி என் தேர்வு. கோயிலிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல்தான். ஆனால் வண்டி வாசல் வரை வரும், படித்துறை விசாலம், மருந்துக்கடைகள் நிறைய, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக மருத்துவமனை பக்கத்தில். நெரிசலுக்குள் போய்விட்டு அதிலிருந்து வெளியே வந்து தூங்க ஓர் இடம் இருப்பது குழந்தைக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் வேண்டும்.

நான்காவது ரயில் நிலையத்தை ஒட்டிய கண்டோன்மென்ட் பகுதி. லிஃப்ட் உள்ள பெரிய ஹோட்டல்கள் இங்கேதான். அதிகாலை ரயில் பிடிப்பவர்களுக்குக் கடைசி இரவுக்கு உதவும்.

எங்கே எடுத்தாலும் பணம் கட்டும் முன் போனில் கேளுங்கள்: ஆட்டோ வாசல் வரை வருமா? எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா? ஜன்னலுக்குக் கம்பி உண்டா? அறையில் கெட்டில் வைக்கலாமா? மின்சாரம் போனால் ஃபேன் ஓடுமா? ஜன்னல் கம்பியைச் சும்மா கேட்கச் சொல்லவில்லை. குரங்குகள் அறைக்குள் வந்து பிஸ்கட் பொட்டலத்தோடு போகும் ஊர் அது. பழைய வீடுகளின் மொட்டைமாடிச் சுவர்கள் முழங்கால் உயரம்தான் இருக்கும். நடக்க ஆரம்பித்த குழந்தை என்றால் மாடிக்கதவைத் தாழிட்டே வையுங்கள்.

5. பையில் என்ன

தள்ளுவண்டியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கல் பாவிய சந்துகளிலும் படிகளிலும் அது உருளாது. உருண்டாலும், இருசக்கர வண்டிகளின் புகைக்குழாய் குழந்தையின் முகத்துக்கு நேராக இருக்கும். நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் கேரியர்தான் வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அதில் குழந்தையைப் பழக்குங்கள்.

மற்றவை: சின்ன எலக்ட்ரிக் கெட்டில், நல்ல பிளாஸ்க், முதல் இரண்டு நாளுக்கு டயப்பர் (மிச்சம் அங்கேயே மருந்துக்கடையில் கிடைக்கும்), தரையில் விரிக்க ரெக்சின் துண்டு, தூளிக்கு ஒரு பழைய காட்டன் புடவை, குழந்தைக் கொசுவலை, ஓஆர்எஸ் பொட்டலங்கள், மருத்துவர் எடைக்கேற்ற அளவை எழுதிக் கொடுத்த காய்ச்சல் மருந்து. பால் மாவு, சத்துமாவு உங்கள் வழக்கமான வகையே வேண்டும், பயணத்தில் புதிதாக மாற்றாதீர்கள். குழந்தையின் சட்டைக்கு உள்பக்கம் இரண்டு தொலைபேசி எண்களைத் துணியில் எழுதித் தைத்துவிடுங்கள்.

6. சந்தில் நடப்பது

காசியின் சந்துகள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் அகலம். அதற்குள்ளேயே பைக் வரும், மாடு வரும், சவத்தைத் தூக்கிக்கொண்டு 'ராம் நாம் சத்ய ஹை' என்று வேகமாக வருவார்கள். ஹாரன் சத்தம் கேட்டதும் பக்கத்துக் கடைத் திண்ணையில் ஏறி நின்றுவிடுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். குழந்தையின் முகம் உங்கள் நெஞ்சைப் பார்த்தபடி இருக்கட்டும். காளை வந்தால் அதற்கு முன்னால் ஓடாதீர்கள், சுவரோடு ஒட்டி நின்றால் தன்பாட்டுக்குப் போய்விடும். கையில் பழமோ பிரசாதப் பையோ தெரியும்படி இருந்தால் குரங்கு தாவும்.

ஒருவர் முன்னால், குழந்தையைத் தூக்குபவர் நடுவில், இன்னொருவர் பின்னால். குறைந்தது மூன்று பெரியவர்கள் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். வீட்டில் திதி, தர்ப்பணம் செய்கிறவர்கள் இருந்தால் அவர்கள் காலை முழுவதும் வாத்தியாரோடு உட்கார்ந்துவிடுவார்கள், அவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பால் கொடுக்க இடம் தேடினால் புடவைக்கடைக்குள் போங்கள். பல கடைகளில் நாற்காலி இருக்காது, தரை முழுக்க வெள்ளைத்துணி விரித்த மெத்தை போட்டிருப்பார்கள். "பச்சே கோ தூத் பிலானா ஹை" என்று சொன்னால் போதும். நாங்கள் கேட்ட கடையில் பெரியவர் ஒருவர் உள்ளறையைக் காட்டிவிட்டு, ஃபேனையும் எங்கள் பக்கம் திருப்பிவைத்தார்.

இ-ரிக்ஷாவை அங்கே டோட்டோ என்கிறார்கள். ஷேரில் போனால் தலைக்கு இருபது, முப்பது ரூபாய். முழு வண்டி 100 முதல் 200 ரூபாய்க்குள் பேசிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் திறந்த வண்டி, குழந்தையை வைத்திருப்பவர் நடுவில் உட்காருங்கள்.

7. விசுவநாதர் தரிசனம்

2021 டிசம்பரில் திறந்த புதிய வளாகத்தால் கோயிலைச் சுற்றி இப்போது விசாலமான முற்றம் இருக்கிறது. குழந்தையோடு வருகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் கருவறை வாசலில் நெரிசல் பழையபடிதான்.

செல்பேசி, பை, பேனா எதுவும் உள்ளே கொண்டுபோக முடியாது. ஆகவே உள்ளே பிரிந்துவிட்டால் கூப்பிட வழியே இல்லை. வரிசையில் நிற்கும் முன்பே, எந்த வாசல் எண் அருகே, எந்தக் கடை முன்னால் சேர்வது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி எண்களைத் தாளில் எழுதி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் வையுங்கள். டயப்பர் பையும் வெளியேதான். இரண்டு டயப்பரும் ஒரு துணியும் கேரியரின் பையில் வைத்துக்கொள்ளலாம். பால் பாட்டிலை உள்ளே விடுவார்களா என்று வாசலில் உள்ள காவலரிடம் முதலிலேயே கேளுங்கள். சோதனையில் குழந்தையைக் கேரியரிலிருந்து இறக்கச் சொல்லலாம்.

வாசல் பக்கத்துக் கடைகளில் "லாக்கர் இலவசம்" என்று கூப்பிடுவார்கள். அர்ச்சனைத் தட்டு வாங்கினால்தான் இலவசம், தட்டின் விலை வெளியே வரும்போது ஏறியிருக்கும். கோயில் நிர்வாகத்தின் லாக்கரையே கேட்டு வையுங்கள். "விஐபி தரிசனம்" என்று தெருவில் பேசும் ஆள்களிடம் பணம் கொடுக்காதீர்கள். சுகம் தரிசனம் என்ற கட்டணச் சீட்டு, தலைக்கு 300 ரூபாய் அளவில், கோயிலின் கவுண்டரிலும் இணையதளத்திலும் கிடைக்கும். குழந்தை இருந்தால் இது கட்டாயம் எடுக்க வேண்டிய செலவு.

காலை 11 மணிக்கு மேல் 'போக ஆரத்தி' என்ற நைவேத்திய பூசைக்காக ஒரு மணி நேரம்போல் தரிசனம் நிற்கும், அப்போது வரிசையில் மாட்டிக்கொள்ளாதீர்கள். வார நாளில் பிற்பகல் 1 மணிக்கு மேல் போவது நல்லது, அன்று மட்டும் குழந்தையின் நடுப்பகல் தூக்கத்தை முன்பின்னாக மாற்றிக்கொள்ளுங்கள். கருவறைக்கு உள்ளே குழந்தையைக் கொண்டுபோகாமல், வாசலுக்கு வெளியே இருந்து பார்க்கும் ஜாங்கி தரிசனமே போதும். பெரியவர்கள் முறைமாற்றி உள்ளே போய்வாருங்கள், ஒருவர் முற்றத்தில் குழந்தையோடு இருக்கட்டும். ஆற்றுப்பக்க வாசலில் படிகள் அதிகம், தெருப்பக்கமாகவே போய் வாருங்கள்.

காலபைரவர் கோயிலில் காசிக் கயிறு கட்டுவார்கள். குழந்தையின் கழுத்தில் கட்ட விடாதீர்கள், தூக்கத்தில் இறுகும் ஆபத்து உண்டு. கையில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். விசாலாட்சி கோயில் சின்னது, கூட்டமும் குறைவு. குழந்தையோடு நிதானமாக நின்று கும்பிட முடியும்.

8. கங்கை, படகு, ஆரத்தி

"ஒரு சொட்டு கங்கைத் தீர்த்தம் வாயில் விடலாமே" என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். தலையில் மட்டும் தெளிப்போம், வாயில் வேண்டாம் என்று ஊரிலேயே பேசி முடித்துவிடுங்கள். படித்துறையில் போய் வாதாடினால் மனவருத்தம்தான் மிஞ்சும். முழுக்குப் போட வேண்டாம், ஈரக்கையால் உச்சியில் தடவினால் போதும். முடி இறக்குவதானால் புது பிளேடை நீங்களே வாங்கிக்கொண்டு போய், உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள்.

தசாசுவமேதத்தில் மாலை ஆரத்திக்கு ஒரு மணி நேரம் முன்பே படிகள் நிறைந்துவிடும், நடுவில் எழுந்து வர முடியாது. ஒலிபெருக்கி, சங்கு, மணி, சாம்பிராணிப் புகை எல்லாம் ஒன்றாக. படகிலிருந்து பார்க்கலாம் என்பார்கள். படகுகளை நெருக்கி நிறுத்தியிருப்பார்கள், முடியும்வரை வெளியேற வழியில்லை. அஸ்ஸியில் விடியற்காலை நடக்கும் 'சுபஹே பனாரஸ்' ஆரத்திக்குப் போங்கள். குழந்தை எப்படியும் அந்நேரம் விழித்திருக்கும். படிகளின் மேல்வரிசையில், ஓரமாக நில்லுங்கள்.

ஒரு வயதுக்குள் என்றால் படகு வேண்டாம் என்பேன். அந்த அளவுக்கு உயிர்காப்புச் சட்டை பெரும்பாலும் இருக்காது. பெரிய குழந்தையோடு போனால் காலை நேரம், அமைதியான ஆறு, அரை மணி நேரம். படகில் மட்டும் கேரியரில் குழந்தையைக் கட்டிக்கொள்ளக் கூடாது, கையில்தான் வைத்திருக்க வேண்டும். கட்டணத்தை முழுப் படகுக்கும் சேர்த்து ஏறும் முன் பேசுங்கள். ஆற்றை நிம்மதியாகக் காட்ட நமோ காட் இருக்கிறது. சாய்தளம் உண்டு, வண்டி பக்கத்திலேயே வரும்.

குழந்தை ஓடி விளையாட ஒரு மாலை வேண்டும். சுமார் 10 கிலோமீட்டரில் சாரநாத் இருக்கிறது, தமேக் தூபியைச் சுற்றிப் புல்வெளி. அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை.

9. சோறும் தண்ணீரும்

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்றால் உங்கள் வேலை பாதி குறைந்தது. பால் மாவு என்றால் முத்திரை உடையாத பாட்டில் தண்ணீரைக் கெட்டிலில் கொதிக்கவைத்துப் பிளாஸ்க்கில் ஊற்றிக்கொள்ளுங்கள். வெளியே தேவைப்பட்டால் டீக்கடையில் "கரம் பானி" கேட்கலாம், கண்ணெதிரே கொதித்ததாக இருக்க வேண்டும்.

திட உணவுக்குச் சத்திரத்திலும் ஹனுமான் காட்டிலும் சாதம், பருப்பு கிடைக்கும். மற்ற கடைகளில் கிச்சடி கேட்டு, "மிர்ச் மத் டாலியே" (மிளகாய் போடாதீர்கள்) என்று சொல்லுங்கள். வாழைப்பழம் எங்கும் உண்டு. லஸ்ஸி, குளிர்காலத்தில் விற்கும் 'மலையோ' என்ற பால்நுரை இனிப்பு, வெட்டிவைத்த பழம் எதுவும் குழந்தைக்கு வேண்டாம். முன்பின் தெரியாதவர்கள் அன்போடு பேடாவை வாயில் வைக்க வருவார்கள். சிரித்துக்கொண்டே கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

10. உடம்புக்கு முடியாமல் போனால்

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு குழந்தை மருத்துவரைப் பார்த்துத் தவணைத் தடுப்பூசிகளை முடியுங்கள். டைபாய்டு, ஃப்ளூ ஊசி ஆறு மாதம் நிறைந்த பின் போடலாம், அதையும் கேளுங்கள்.

வயிற்றுப்போக்கு தொடங்கினால் ஓஆர்எஸ் கொடுத்துக்கொண்டே கவனியுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை துவண்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ காத்திருக்க வேண்டாம். மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே உடனே மருத்துவமனைதான். பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள சர் சுந்தர்லால் மருத்துவமனை பெரியது. ஆம்புலன்ஸுக்கு 108, அவசர உதவிக்கு 112, ரயிலில் என்றால் 139.

நாயோ குரங்கோ கடித்தாலும் பிராண்டினாலும், சின்னக் கீறல் என்றாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசி போட வேண்டும். ஊருக்குத் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். போட்ட தேதிகளைத் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வாங்குங்கள், மிச்ச ஊசிகளை நம் ஊரில் தொடரலாம்.

வீடு திரும்பிய பின் இரண்டு வாரம் காய்ச்சலைக் கவனியுங்கள், டெங்கு வெளியே தெரிய சில நாள் ஆகும். மருத்துவரிடம் போனால் காசிக்குப் போய்வந்ததை, அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.